அளந்ததையே எழுதுவோம்

மார்ச் 3, திங்கள்

டீன் குலசேகரன் கூப்பிட்டனுப்பினார். போனால், எதிரே நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

"ஹெப்சிபா மேடம், நம்ம புலத்திலேயே உங்க தமிழ்தான் நல்லா இருக்கும். அறிவியல் புலத்துக்கு நோக்கம், விழுமியங்கள் எல்லாம் எழுதித் தாங்க. கிரானைட்ல செதுக்கி வாசல்ல வைக்கப் போறோம். இருபத்திநாலாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருது."

இத்தனை வருஷமும் ஒரு நோக்கமும் இல்லாமலா புலம் நடந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் டிஸ்டில்டு வாட்டர் காய்ச்சும் இயந்திரத்தில் சூடேற்றும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோய்க் கிடக்கிறது. இந்த ஊர் போர் தண்ணீரில் சோப்புகூட நுரைக்காது, அதை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. காயில் மாற்றக் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். நிதி இல்லையாம். கிரானைட்டுக்கு இருக்கிறதாம். வரும் வழியில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன், பாதி அழுகல். இன்றைக்கு எல்லோரும் என்னை ஏமாற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

எழுதிக் கொடுத்தேன். ஆறு விழுமியங்கள். முதலாவது: "அளந்ததையே எழுதுவோம்." இரண்டாவது: "தெரியாததைத் தெரியாது என்போம்." மூன்றாவது: "கேள்வி கேட்கத் தயங்கோம்." மற்றவை ஒப்புக்குப் போட்டவை.

டீன் பேனாவை எடுத்தார். இரண்டாவதை அடித்தார். "நமக்குத் தெரியாதுன்னு நாமே கல்லுல அடிச்சு வைக்கிறதா?" மூன்றாவதையும் அடித்தார். "பசங்க இதைக் காட்டியே ஸ்ட்ரைக் பண்ணுவாங்க." அந்த இடங்களில் "உலகத் தரம்", "சிகரம் தொடுவோம்" என்று எழுதினார். எந்தச் சிகரம் என்று அவருக்கே தெரியாது.

முதலாவது மட்டும் தப்பியது. "இது நல்லா இருக்கு. சின்னதா, கல்லுல எடுப்பா இருக்கும்" என்றார். அவருக்கு அது எழுத்தின் அளவு. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். மே மாதம் எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் இருக்கிறது, குழுவில் அவர்தான் தலைவர். அதற்காக இல்லை. சும்மாதான் வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

மரங்களுக்கெல்லாம் இடுப்பு வரை வெள்ளையடிக்கிறார்கள். உயிரியல் துறை மீன்தொட்டிக்கு வாடகை மீன் வந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ஒரு நல்ல செய்தி. ஆய்வகத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன்கள் எல்லாம் நிரம்பி, புது லேபிள் ஒட்டி, வரிசையாக நிற்கின்றன. எனக்குத் தெரியாமலே காயிலை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. குழு வருகிறது என்றால் இந்த அளவுக்காவது வேலை நடக்கிறதே. வீட்டுக்கு ஒரு சின்னக் கேன் எடுத்து வந்தேன், நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு. துறையில் எல்லோரும் எடுப்பதுதான். சிலர் இன்வெர்ட்டருக்கே இங்கிருந்துதான் கொண்டுபோகிறார்கள். நானாவது இஸ்திரிப் பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

மூன்றாமாண்டு பி.எஸ்ஸி. செய்முறைத் தேர்வு. காலையிலிருந்து நின்று கால் வீங்கிவிட்டது.

குடுவையில் கொஞ்சம் கால்சியக் கரைசல் கொடுப்போம். மாணவர்கள் அதில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குறிக்கோடு வரை நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும். பியூரெட் என்கிற கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, சிவப்பு நிறம் ஒரு சொட்டில் நீலமாகும். எந்த அளவில் நீலமானது என்பதுதான் ரீடிங். அதை வைத்து நாங்கள் எவ்வளவு கால்சியம் கொடுத்தோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஆய்வக உதவியாளர் சங்கிலி அண்ணாச்சி பிள்ளைகள் காதில் போட்டுவிடுவார், அவர்கள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவார்கள். இது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. வெளித்தேர்வாளராக வந்த ஆவுடையப்பனும் இப்படிப் படித்து வந்தவர்தான்.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு அச்சு அசலாகச் சரியான விடை. முத்துப்பேச்சி ஒருத்திக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பதினைந்து வர வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு. திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பவும் இருபத்தெட்டு. மறுபடியும் அதே.

"அட்ஜஸ்ட் பண்ணக்கூடத் தெரியலயே இந்தப் பிள்ளைக்கு" என்றார் ஆவுடையப்பன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்கிற பெண். குடுவையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள். "மூணு வருஷமா என்னதான் படிச்ச?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். விடைக்கான மதிப்பெண் பூஜ்யம். அத்தோடு அவள் தாளில் தேறவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான், விதி அப்படி.

மார்ச் 18, செவ்வாய்

குழு வரும் நாளுக்கென்று எடுத்து வைத்த கருநீலப் பட்டுச் சேலை பாழ். வீட்டுக்காரர் ஜெபராஜ் ஆசையாக இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தார். மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி.

"குழாய்த் தண்ணிய ஊத்தினீங்களா?"

"நீ கொண்டுவந்த காலேஜ் தண்ணிதான் ஊத்தினேன். சத்தியமா."

"டிஸ்டில்டு வாட்டர்ல உப்பு எங்கிருந்து வரும்? பொய் சொல்லாதீங்க."

பேங்க்கில் பத்துப் பைசா பிசகாத மனுஷன் வீட்டில் இப்படி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோர்க்குழம்பு.

மார்ச் 19, புதன்

முத்துப்பேச்சி அறை வாசலில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், எனக்குப் பெங்களூர்ல எம்.எஸ்ஸி. கிடைச்சிருக்கு. ஜூலையில ஒரு பேப்பர்கூட அரியர் இல்லாம சர்டிபிகேட் காட்டணும்."

"அப்போ பார்த்துச் செஞ்சிருக்கணும்ல?"

"பார்த்துத்தான் செஞ்சேன் மேடம். இருபத்தெட்டுதான் வந்துச்சு. வந்ததத்தான் எழுதுனேன்."

"மத்த எல்லாருக்கும் எப்படிச் சரியா வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது மேடம். அவங்களத்தான் கேக்கணும்."

திமிர் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டேன். அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று வருஷத்தில் ஒரு தரம்கூட லீவு போட்டதில்லை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? எல்லா மாணவருக்கும் ஓர் அப்பா இருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

காலையில் அந்தச் சேலையை அலசிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அப்படியே ஈரக்கையோடு கிளம்பினேன்.

ஆய்வகத்தில் லேபிள் ஒட்டிய கேனிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் குடுவையில் பிடித்தேன். சொட்டு மருந்துபோல் இரண்டு துளி இண்டிகேட்டர், கால்சியம் இருந்தால் சிவக்கிற சாயம். நல்ல டிஸ்டில்டு வாட்டர் என்றால் உடனே நீலமாக வேண்டும். இது திராட்சை ரசம் மாதிரிச் சிவந்தது. அடுத்த கேன். சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு.

"அண்ணாச்சி, மெஷின் ஓடுதா?"

"எங்க மேடம் ஓடுது? டீன் அய்யா காலிக் கேனு கண்ணுல படக்கூடாதுன்னுட்டாக. கொழாயில புடிச்சு வச்சேன்."

"பரிட்சைக்கு எந்தத் தண்ணிய வச்சீங்க?"

"இதத்தான். லேபிள் ஒட்டிருக்குல்லா?"

கொடுத்த கால்சியம் போதாதென்று குழாய்த் தண்ணீரில் வந்த கால்சியமும் சேர்ந்திருக்கிறது. எல்லோருக்கும் இப்படிக் கூடுதலாகத்தான் வந்திருக்க வேண்டும். போர் தண்ணீரை வைத்துக்கொண்டு முப்பத்தொன்பது பேர் சரியான விடையை எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறோம். தன் கண்ணால் பார்த்ததை எழுதிய ஒரே பெண்ணை எழுப்பி நிறுத்தி, மூன்று வருஷம் என்ன படித்தாய் என்று கேட்டிருக்கிறேன்.

வாசலில் கிரானைட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபராஜிடம், "தண்ணி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். அவர் ஜெயித்த முகத்தோடு செய்தித்தாளைப் புரட்டினார். அதுவும் கோபமாக வந்தது.

மார்ச் 21, வெள்ளி

டீனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சிரித்தார்.

"நல்ல வேளை என்கிட்ட சொன்னீங்க. திங்கள்கிழமை குழு வருது. இப்போ இதைக் கிளப்பினா கேன் விஷயமும் சேர்ந்து வெளியே வரும். குழு போகட்டும், அந்தப் பொண்ணுக்கு ஏதாவது பண்ணிடலாம். உங்களுக்கும் மே மாசம் இன்டர்வியூ இருக்கு. நான் மறக்கலை."

மறக்கவில்லை என்று ஏன் சொன்னார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சரி என்று சொன்னேன். மூன்று நாள்தானே. பிறகு செய்துவிடுவார்.

மார்ச் 24, திங்கள்

குழு வந்தது. நாதஸ்வரம், ரோஜா மாலை. வாடகை மீன் ஒன்று காலையிலேயே செத்து மிதந்தது, சங்கிலி அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குழுவில் வயதான அம்மா ஒருவர், பெரிய வேதியியலாளராம். வாசலில் நின்று கல்லை நிதானமாகப் படித்தார். "அளந்ததையே எழுதுவோம். இதை எழுதினது யார்?"

டீன் என்னை முன்னால் தள்ளினார்.

"ரொம்ப நல்ல வரிம்மா" என்றார் அந்த அம்மா. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு ஆய்வகம். டீன் கேன் வரிசையைக் காட்டி, "இருபத்திநாலு மணி நேரமும் டிஸ்டில்டு வாட்டர் வசதி" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேன்களுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். நானும் சிரித்திருக்கிறேன், படத்தில் தெரிகிறது.

மார்ச் 25, செவ்வாய்

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியைக் கழுவினேன்.

மார்ச் 26, புதன்

டீன் அறைக்குப் போனேன். லட்டு கொடுத்தார். குழு திருப்தியாகப் போனதாம்.

"முத்துப்பேச்சி விஷயம் சார்."

"ஆமா, யோசிச்சேன். நவம்பர்ல அரியர் எழுதட்டும். எக்ஸாம் ஃபீஸ் நானே கட்டிடறேன், பாவம்."

"நவம்பர்ல எழுதினா பெங்களூர் சீட் போயிடும் சார்."

"அடுத்த வருஷம் போகட்டுமே. படிக்கிற பொண்ணு, எங்க போனாலும் படிக்கும்."

லட்டைத் தட்டில் திரும்ப வைத்தேன். என் பையில் இண்டிகேட்டர் பாட்டிலும் கேனிலிருந்து பிடித்த கொஞ்சம் தண்ணீரும் இருந்தன. எடுத்து வந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது போல இருந்தது. மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரில் குடிநீர், பக்கத்தில் இன்னொரு காலி டம்ளர். காலி டம்ளரில் நான் கொண்டுபோன கேன் தண்ணீரை ஊற்றி, அவர் கண்ணெதிரே இரண்டு துளி இண்டிகேட்டர் விட்டேன். சிவந்தது.

"சார், இதுதான் நம்ம டிஸ்டில்டு வாட்டர். இந்தத் தண்ணில சரியான விடை வரவே வராது. ஆனா முப்பத்தொன்பது பேருக்கு வந்திருக்கு. அந்த முப்பத்தொன்பது பேப்பரையும் இந்தத் தண்ணியையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மேசையில வைக்கட்டுமா, இல்ல நீங்களே தேர்வை ரத்து பண்ணி மறுபடி நடத்துறீங்களா?"

என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"ஒரு பொண்ணுக்காக உங்க எதிர்காலத்தைப் பாழாக்கிக்காதீங்க மேடம்."

"என் எதிர்காலம் இருக்கட்டும் சார். அவளோடதைச் சொல்லுங்க."

டம்ளரைக் கண்ணில் படாதபடி தள்ளி வைத்தார். கடைசியில், மின்தடை காரணமாகத் தேர்வு ரத்து, ஏப்ரல் இரண்டாம் தேதி மறுதேர்வு என்று சுற்றறிக்கை எழுதச் சொன்னார். அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட மின்சாரம் போகவில்லை. உண்மையை எழுதினால்தான் அவருக்குக் கை நடுங்குமே. மே மாத நேர்முகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையில்லை.

மார்ச் 28, வெள்ளி

டீன் அறையில் பேசியது எப்படியோ கசிந்து, வகுப்பே திரண்டு வந்துவிட்டது. முத்துப்பேச்சி மட்டும் இல்லை. விடுதியில் அவளோடு யாரும் பேசுவதில்லையாம், இவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று. முன்னால் நின்றவன் தாரகேஷ், துறையில் முதல் மாணவன், தங்கப் பதக்கம் வாங்கப் போகிறவன்.

"நாங்க என்ன மேடம் தப்பு பண்ணோம்? கரெக்ட் ஆன்சர்தான எழுதிருக்கோம்?"

"தப்பான தண்ணில கரெக்ட் ஆன்சர் எப்படிடா வந்துச்சு?"

பின்னாலிருந்து ஒரு பெண், மெதுவாக, "ஃபர்ஸ்ட் இயர்ல நாங்க வந்த வேல்யூவத்தான் மேடம் எழுதுனோம். நீங்கதான் அத அடிச்சிட்டு, பக்கத்துல கரெக்ட் வேல்யூவ எழுதி, இதப் பார்த்து மாத்தி எழுதிட்டு வான்னு சொன்னீங்க" என்றாள்.

அப்படிச் சொன்னேனா? நினைவில்லை. மூட்டை மூட்டையாக ரெக்கார்டு நோட்டு திருத்துகிறவளுக்கு எதுதான் நினைவிருக்கும்? தங்கள் திருட்டுத்தனத்துக்கு என் தலையை உருட்டுகிறார்கள். போய்ப் படிக்கிற வழியைப் பாருங்கள் என்று விரட்டினேன்.

மார்ச் 30, ஞாயிறு

காயில் இன்னும் மாற்றவில்லை. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். வாங்கின கையோடு சோதித்தேன். நீலம்.

சர்ச் முடிந்ததும் ஜெபராஜை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு குடுவையிலும் அவர் இஷ்டத்துக்குக் கரைசலை ஊற்றி, எதில் எவ்வளவு என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் முதுகைக் காட்டி நின்றேன். சங்கிலியை உள்ளே விடவில்லை.

"உனக்குமா தெரியக் கூடாது?" என்றார்.

"எனக்குத்தான் முதல்ல தெரியக் கூடாது."

வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

முத்துப்பேச்சி தேறிவிட்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஜெபராஜின் உறையைப் பிரித்துப் பார்த்தபோது அவள் விடை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன், அவள் சீட்டை இனி யாரும் தொட முடியாது. "தேங்க்ஸ் மேடம்" என்றாள், அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்விக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தலை குனிந்துகொண்டாள்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராதது அதனால் இல்லை.

தேர்வு தொடங்கியதும் பின்வரிசை வழக்கம்போலச் சங்கிலியைப் பார்த்தது. சங்கிலி கையை விரித்தார். அவருக்கு என் மேல் வருத்தம்.

"இன்னிக்கு யாருக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது" என்றேன். "எனக்கும் தெரியாது. பியூரெட்ல பார்க்கிறத எழுதுங்க."

இந்த ஆய்வகத்தில் இப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். இன்றைக்கு முத்துப்பேச்சியின் மேசையில் மட்டும் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கண்ணாடிக் குழாயையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாரகேஷ் கையைத் தூக்கினான். பக்கத்தில் போனேன். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"மேடம், தண்ணி ஓரத்துல கொஞ்சம் ஏறியிருக்கு, நடுவுல இறங்கியிருக்கு. ரீடிங்க மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா?"

முதலாம் ஆண்டு, முதல் நாள், முதல் பாடம். தங்கப் பதக்கம் வாங்கப் போகிறவன் கடைசித் தேர்வில் கேட்கிறான்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யார் மேல் கொட்டுவது என்று பார்த்தேன். டீன் அங்கே இல்லை. சங்கிலி கேன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் தாரகேஷின் ரெக்கார்டு நோட்டு திறந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பிசகில்லாத விடை, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் "மிக நன்று". என் கையெழுத்து. முதல் சில பக்கங்களில் மட்டும் அவன் எழுதிய எண்கள் அடிக்கப்பட்டு, அருகே வேறு எண்கள். அவையும் என் கையெழுத்துதான்.

"கீழ" என்றேன். "குனிஞ்சு, கண்ண அந்த மட்டத்துக்குக் கொண்டுவா. கீழ் வளைவு எந்தக் கோட்டத் தொடுதுன்னு பாரு."

குனிந்தான். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "எனக்கும் ஒரு தடவ காட்டுங்க மேடம்." பிறகு இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இருவர்.

ஆவுடையப்பன் எழுந்து வந்தார். "என்ன மேடம் இது? பரிட்சை நேரத்துல பாடம் நடத்திக்கிட்டு இருக்கீங்க?"

"ஆமா சார்" என்றேன். "மூணு வருஷம் லேட்டா நடத்துறேன்."

அடுத்த மேசைக்குப் போனேன்.